செவ்வாய், புதன் முறை

எருமப்பட்டி
16-1-1943

நாமக்கல் பேட்டரி சார்ஜ் கடை மருதாசலத்துக்கு உன் அண்ணன் தண்டாயுதபாணி எழுதியது. இங்கே நானும் உன் அண்ணியும் உயிரோடு இருக்கிறோம். அங்கேயும் அப்படித்தான் என்று பஸ் கண்டக்டர் மணியன் சொன்னான்.

மூன்று வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இப்போதும் ஆசைப்பட்டு எழுதவில்லை. சேலத்தில் ஒரு ரேடியோ வாங்கியிருக்கிறேன், பாட்டுக் கேட்க அல்ல. என் மகன் சுவாமிநாதன் பட்டாளத்தோடு சிங்கப்பூரில் இருந்தான் என்பது உனக்கும் தெரியும். அந்த ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. 'காணவில்லை' என்று சர்க்கார் ஒரு தந்தி கொடுத்ததோடு சரி. பிடிபட்ட சிப்பாய்களின் பெயரையும், வீட்டுக்கு அவர்கள் சொல்லும் சேதியையும் தினம் சாயங்காலம் ஆறரை மணிக்குச் சிங்கப்பூர் ஸ்டேஷனில் தமிழில் வாசிக்கிறார்களாம். ஒருவன் பெயரை ஒரு தடவைதான் வாசிப்பார்களாம். அதைக் கேட்கத்தான் வாங்கினேன்.

நம் ஊருக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. ரேடியோ பேட்டரியில் ஓடுகிறது. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் ஆறு நாள் வரும். சேலத்துக்கு அனுப்பினால் போய்த் திரும்பவே நாலு நாள் ஆகிறது. இந்தப் பக்கத்தில் வேறு கடை இருந்தால் உன் முகத்தில் விழித்திருக்க மாட்டேன். மணியனிடம் பேட்டரியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஊராரிடம் வாங்குகிற கூலியை என்னிடமும் வாங்கிக்கொள். தயவு வேண்டாம்.

தண்டாயுதபாணி


நாமக்கல்
17-1-1943

அண்ணன் அவர்களுக்குத் தம்பி மருதாசலம் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்டு எழுதுவது வழக்கம் என்பதால் நானும் கேட்கிறேன்.

பேட்டரி வந்தது. சார்ஜ் ஏற்றாமல் திருப்பி அனுப்புகிறேன். என் கடைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணிவரைதான் சார்ஜ் ஏற்றுகிற மோட்டாரை ஓட்டலாம் என்று கரண்ட் ஆபீஸில் உத்தரவு. ஐந்துக்கு மேல் ஊர் விளக்குகள் எரிய வேண்டும். ஒரு வரிசைக்குப் பத்து பேட்டரியைக் கம்பியில் கோத்து வைப்பேன். நிரம்புவதற்கு இரண்டு பகல் ஆகும். வரிசை ஓடும்போது நடுவில் ஒன்றைக் கொண்டுவந்து நுழைக்க முடியாது. அதனால் ஊருக்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். சேந்தமங்கலத்துக்கு ஞாயிறு, திங்கள். பரமத்திக்கு வியாழன், வெள்ளி. எருமப்பட்டிக்குச் செவ்வாய், புதன் ஒதுக்கியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் பேட்டரி வந்தால் புதன் கடைசி பஸ்ஸில் திரும்பும். மோட்டார் போட்ட பிறகு வந்தால் அடுத்த செவ்வாய்தான். செவ்வாய், புதன் என்றால் உங்களுக்கு மறக்காது என்று நினைத்தேன்.

அண்ணிக்கு என் வணக்கம்.

மருதாசலம்


எருமப்பட்டி
24-1-1943

மருதாசலத்துக்கு,

பேட்டரி புதன் கடைசி பஸ்ஸில் வந்தது. எட்டரை மணி. ஆறரைக்கு வாசித்த பெயர்கள் அன்றைக்குப் போனது போனதுதான். இனி வாராவாரம் செவ்வாயும் புதனும் நாங்கள் செவிடர்களாக உட்கார்ந்திருக்க வேண்டும். என் மகன் பெயர் அந்த இரண்டு நாளில் ஒன்றில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று உன் அண்ணி கேட்கிறாள்.

நம் அப்பா வெட்டிய கிணற்றில் செவ்வாய், புதன் உனக்கிருந்த தண்ணீர் முறை. அதே இரண்டு நாளை எடுத்து என் தலையில் வைத்திருக்கிறாய். நீ பழி தீர்க்கிற அழகைக் கண்டுகொண்டேன். கிழமையை மாற்று என்று உன்னிடம் கெஞ்சுவேன் என்று பார்க்கிறாயா? மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வயலில் இருந்த பையனை நாமக்கல் பஸ் ஷெட்டுக்குக் கூட்டிப்போய் லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார்? டிரைவர் வேலை தெரியும் என்றுதானே பட்டாளத்தில் அவனை அப்படியே அள்ளிக்கொண்டு போனான்? பெற்றவர்கள் இங்கே ஒரு மரப்பெட்டியின் வாயைப் பார்த்துக் கிடக்கிறோம். அதற்குச் சாவி உன் கையில்.

எங்கள் சுகத்தை நீ கேட்க வேண்டாம்.

தண்டாயுதபாணி


நாமக்கல்
9-2-1943

அண்ணன் அவர்களுக்கு,

கேட்க வேண்டாம் என்றதால் சுகம் கேட்கவில்லை.

இன்று உங்கள் பேட்டரி பத்தரை மணிக்கு வந்தது. எட்டுக்கே மோட்டார் போட்டாகிவிட்டது. வரிசையில் ஒரு இடம் காலியாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. இருந்தும் திருப்பி அனுப்புகிறேன். அடுத்த செவ்வாய் அனுப்புங்கள்.

"முறை தவறினா போச்சுப்பா. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்." இதைச் சொன்னது நான் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் பங்குனியில், கிணற்று மேட்டில் நின்று நீங்கள் சொன்னது. என் மாமனார் செத்து, மோகனூரில் காவிரிக் கரையில் அவரை எரித்துவிட்டு, நனைந்த வேட்டியோடு அன்று பத்தரை மணிக்கு ஓடிவந்தேன். பொழுது கிளம்புவதற்குள் நான் மாடு பூட்டவில்லை என்று, என் முறைத் தண்ணீரை உங்கள் பருத்திக்கு இறைத்துக்கொண்டிருந்தீர்கள். என் மிளகாய்ச் செடி ஒன்றரை ஏக்கரும் பூவும் பிஞ்சுமாக நின்றது. "அரை நாள் விடுங்கண்ணா" என்று பண்ணையாட்கள் முன்னால் கும்பிட்டேன். என் மனைவி வள்ளியாத்தாள் அப்பனைப் பறிகொடுத்த மூன்றாம் நாள் செடியையும் பறிகொடுத்தாள். அன்றைக்கே அந்த மண்ணை விட்டு வந்துவிட்டேன்.

சண்டைக்கு முன், பஸ் ஷெட்டுக்கும் நான் வேலைக்குப் போய்வந்த நாளில் அவனுக்கு லாரி கற்றுக்கொடுத்தது நான்தான். பட்டாளத்துக்குப் போகச் சொன்னது நான் இல்லை. போகும்போது என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போனவன் அவன். அந்த வருத்தம் எனக்கும் இருக்கிறது.

மருதாசலம்


எருமப்பட்டி
14-2-1943

மருதாசலத்துக்கு,

இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. அதுவரை சந்தோஷம்.

உனக்குப் பஸ் பேரில் கோபமா, என் பேரில் கோபமா? பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பு கட்டி ஓட்டுகிற பஸ். பாதி வழியில் அடுப்பு அணைந்துபோனதற்கு நான் என்ன செய்வேன்? மணியன் விசிறி எடுத்து விசிறினானாம். வரிசையில் இடம் காலியாக இருந்தது என்று நீயே எழுதுகிறாய். எழுதிவிட்டுத் திருப்பி அனுப்புகிறாய். ஆறு நாளாக ரேடியோ ஊமையாக இருக்கிறது.

கிணற்றைப் பற்றி எழுதியிருந்தாய். பொழுது கிளம்புவதற்குள் மாடு பூட்டாதவனுக்கு அந்த முறை இல்லை என்பது அப்பா வைத்த சட்டம். ஒருவனுக்காக ஒரு நாள் வளைத்தால் நாளைக்கு ஆளாளுக்கு ஒரு சாக்கு வரும். நான் செய்தது சரி.

கடைசியாக ஒன்று. பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் உன் கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டில் வாங்கி ஊற்ற வேண்டும் என்று மணியனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். தண்ணீரை உன்னிடம் கையேந்தி வாங்குகிற நிலைமைக்கு நான் இன்னும் வரவில்லை. என்னிடம் கிணறு இருக்கிறது.

தண்டாயுதபாணி


நாமக்கல்
10-3-1943

அண்ணன் அவர்களுக்கு,

நான் சுகம். உங்கள் பேட்டரி சுகமில்லை.

நேற்றிலிருந்து வரிசையில் வைத்திருந்தேன். இரண்டு பகலும் கரண்ட் ஓடியும் சார்ஜ் நிற்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே தகடெல்லாம் வெள்ளை பூத்து உதிர்கிறது. ஒரு சொட்டு எடுத்துப் பார்த்ததில் விஷயம் விளங்கிவிட்டது. நம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறீர்கள். அந்த உப்புத் தண்ணீரில் பருப்பே வேகாது என்று அண்ணி ஊர்ப் பொதுக் கிணற்றுக்குக் குடம் தூக்கிப் போவது உங்களுக்குத் தெரியாதா? பருப்பு வேகாத தண்ணீர் பேட்டரிக்கு ஆகும் என்று எப்படி நினைத்தீர்கள்? என்னிடம் ஒரு பாட்டில் வாங்கக் கூடாது என்கிற வீம்புக்கு, மகன் பெயரைக் கேட்கிற காதையே பொசுக்கிவிட்டீர்கள்.

இது இனி பிழைக்காது. புதிதாக வாங்கலாம் என்றால் சண்டை முடிகிறவரை பேட்டரி எல்லாம் பட்டாளத்துக்குத்தான். சேலத்திலும் போன மாதமே கேட்டுப் பார்த்தேன், இல்லை.

இந்தக் கடிதத்தின் மூலையில் இருக்கும் ஓட்டை உங்கள் பேட்டரியின் ஆசிட் பட்டது. வேறு தாள் எடுக்க நேரமில்லை. ஐந்து மணிக்கு மோட்டாரை நிறுத்தினாலும் ஏழு மணிவரை கடையில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

மருதாசலம்


எருமப்பட்டி
13-4-1943

மருதாசலத்துக்கு,

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். சேலத்துக்கு இரண்டு நடை, கரூருக்கு ஒரு நடை போய் வந்தேன். பேட்டரி எங்கேயும் கிடைக்கவில்லை. நாளைக்கு வருஷப் பிறப்பு. உன் அண்ணி அடுப்புப் பற்ற வைக்கவில்லை. ஆறரை மணி ஆனால் வழக்கம்போல ரேடியோ முன்னால் போய் உட்காருகிறாள். ஓடாத ரேடியோ. குமிழைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கிறாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

கிணற்றுத் தண்ணீரால் கெட்டது என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. உன் கடையில் இரண்டு பகல் இருந்தது. நீதான் கெடுத்தாய். மூன்று வருஷமாக மனசில் வைத்திருந்து, என் பேட்டரி கையில் சிக்கியதும் காரியத்தை முடித்துவிட்டாய். மிளகாய்ச் செடிக்குப் பதிலாக என் மகனை எடுத்துக்கொண்டாய். அவன் பெயர் இந்த ஒரு மாதத்தில் வந்து காற்றோடு போயிருந்தால் அந்தப் பாவம் உன்னையும் உன் பிள்ளைகளையும் சேரட்டும்.

நான் செத்தால்கூட நீ வரக் கூடாது. கொள்ளி வைக்கிற வேலையை ஊரில் வேறு ஆள் பார்த்துக்கொள்வான். இதற்குப் பதில் எழுதாதே.

தண்டாயுதபாணி


எருமப்பட்டி
21-4-1943

கொழுந்தனார் அவர்களுக்குத் தெய்வநாயகி எழுதிக்கொண்டது. வள்ளியாத்தாளும் குழந்தைகளும் நல்லா இருக்கிறார்களா? நான் படித்தது மூணாம் வகுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்க அண்ணனுக்குத் தெரியாமல் எழுதி மணியனிடம் கொடுக்கிறேன்.

உங்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. அன்னைக்கு நீங்க கிணற்று மேட்டிலிருந்து கோவிச்சுக்கிட்டுப் போன பிறகு, மத்தியானம் உங்க அண்ணன் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் சுவாமிநாதன் போய் மாட்டைத் திருப்பிப் பூட்டி உங்க செடிக்குத் தண்ணி இறைத்தான். இரண்டு பாத்தி பாய்வதற்குள் இவர் பார்த்துவிட்டார். "சித்தப்பன் செடி வாடுதுங்கப்பா, அரை நாளு உட்டா என்னங்க?" என்று அவன் கேட்டான். அத்தனை பண்ணையாட்கள் முன்னால் இவர் அவன் கன்னத்தில் அறைந்தார். இருபத்திரண்டு வயசுப் பையன். மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு சேலம் பஸ் ஏறினான். மூணாம் நாள் பட்டாளத்தில் சேர்ந்துட்டேன்னு கார்டு வந்தது.

அவனை அனுப்பினது நீங்க இல்லை. இவருக்கும் அது தெரியும். தெரிகிறதால்தான் உங்களை அப்படித் திட்டுகிறார். அவன் போனதிலிருந்து இவர் கிணற்று மேட்டுக்குப் போகிறதே இல்லை. உங்க ஒன்றரை ஏக்கரை உழவும் இல்லை, யாருக்கும் விடவும் இல்லை. சும்மா கிடக்கிறது.

உங்க கடையில் கரண்ட் ரேடியோ இருக்குதாம், மணியன் சொன்னான். கதவைச் சாத்திக்கொண்டு தினமும் ஆறரை மணிக்கு நீங்க அதைக் கேட்கிறதாகவும் சொன்னான். நான் பேட்டரி கேட்கவில்லை. எங்க பையன் பேர் வந்தால் மட்டும் ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்க, சாமி. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தெய்வநாயகி


நாமக்கல்
22-4-1943

அண்ணன் அவர்களுக்கும் அண்ணி அவர்களுக்கும்,

முதலில் சேதி. சுவாமிநாதன் உயிரோடு இருக்கிறான்.

வருஷப் பிறப்பு அன்று, புதன்கிழமை சாயங்காலம் வாசித்தார்கள். எதிரி ஸ்டேஷன் என்பதால் சத்தத்தைக் குறைத்து, காதை வைத்து நானே கேட்டேன். ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்: "சேலம் ஜில்லா எருமப்பட்டி தண்டாயுதபாணி மகன் சுவாமிநாதன். உடம்பு சுகமாக இருக்கிறது. அம்மா அழ வேண்டாம். அப்பா, சித்தப்பாவுக்குத் தண்ணீர் கிடைத்ததா?" அதோடு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

இன்றைக்கு எட்டு நாள் ஆகிறது. எட்டு நாள் இதை நான் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். உங்கள் பேட்டரியை வாங்கிவைத்த முதல் செவ்வாயிலிருந்து அந்த ஸ்டேஷனைக் கேட்கிறேன். இரண்டு நாள் உங்கள் காதைப் பிடுங்கிக்கொண்டேனே, அந்த இரண்டு நாளாவது நான் கேட்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். பேட்டரி செத்த பிறகு தினமும் கேட்டேன். அவன் பெயர் வந்ததும் அந்த நிமிஷமே ஓடிவரத்தான் எழுந்தேன். என் சட்டைப்பையில் அன்று மத்தியானம் மணியன் கொடுத்த உங்கள் கடிதம் இருந்தது. என் பிள்ளைகளுக்குச் சாபம் கொடுத்திருந்தீர்கள். உட்கார்ந்துவிட்டேன். அவன் கேட்ட கேள்வி எனக்கு இனித்தது. மூன்று வருஷமாக ஊரில் ஒருவனும் எனக்காகக் கேட்காத கேள்வி. அண்ணன் வந்து என் வாசலில் நின்று கேட்கட்டும், அப்போது சொல்வோம் என்று வைத்துக்கொண்டேன். காலையில் எழுதலாம் என்று படுப்பேன். காலையில் உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படிப்பேன்.

எனக்காக அவன் அறை வாங்கினான் என்பதை இன்று அண்ணி எழுதித்தான் தெரிந்துகொண்டேன். அண்ணி எனக்குக் கடிதம் எழுதியதற்காக அவர்களைத் திட்டாதீர்கள். அண்ணி பேனாவைக் கையில் எடுத்தபோதே அவர்கள் கேட்ட சேதி ஒரு வாரமாக என்னிடம் இருந்தது. இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை. நீங்கள் எனக்குச் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மருதாசலம்


எருமப்பட்டி
25-4-1943

மருதாசலத்துக்கு,

உன் கடிதத்தை நான்தான் சத்தமாகப் படித்தேன். முதல் வரி முடிந்ததும் உன் அண்ணி முறத்தைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, "எம்பையன் இருக்கறானுங்க, எம்பையன் இருக்கறானுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பிறகு மீதியைப் படித்தேன். "எட்டு நாளுங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் உன் பெயரை அவள் எடுக்கவில்லை.

எனக்கும் ஆறவில்லை. ஆறிவிட்டதாக நடிக்க மாட்டேன். எட்டு நாள் அவளை அந்த ஊமைப் பெட்டி முன்னால் உட்காரவைத்திருக்கிறாய். உன்னைக் கண்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை நாமக்கல் வந்திருந்தேன். உன் கடை வழியாகத்தான் போனேன், உள்ளே வரவில்லை. சர்க்கார் ஆபீஸில் செஞ்சிலுவைக் கார்டு ஒன்று கொடுத்தார்கள். கைதிகளுக்கு அதில்தான் எழுத வேண்டுமாம். இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் கூடாதாம். எல்லாம் எழுதிவிட்டேன். அம்மா அழவில்லை என்று எழுதினேன். அது பொய், போகட்டும். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் எழுத முடியவில்லை. அவன் கேட்டது என்னை. தண்ணீர் கிடைத்தது என்று எழுதப் பேனா ஓடவில்லை. கிடைக்கவில்லை, நான் விடவில்லை என்றும் எழுத முடியவில்லை. அங்கே சிறையில் கிடக்கிறவனுக்கு அதை எப்படி எழுதுவேன்?

உன் ஒன்றரை ஏக்கரை நேற்று உழுதேன். இன்று காலை சோளம் விதைத்தாகிவிட்டது. மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் கட்டாவிட்டால் விதை மண்ணிலேயே செத்துப்போகும். மூன்றாம் நாள் செவ்வாய். உன் முறை. நான் இறைக்க மாட்டேன், ஆளும் விட மாட்டேன்.

பொழுது கிளம்புவதற்குள் நீ கிணற்று மேட்டில் இருக்க வேண்டும். திங்கள் கடைசி பஸ்ஸைப் பிடித்தால்தான் முடியும். உன் கடையில் செவ்வாய், புதன் எருமப்பட்டி முறைதானே, எருமப்பட்டிக்குத்தான் இப்போது பேட்டரி இல்லையே. கடையைப் பூட்டிவிட்டு வா. மாடு என்னுடையது, பூட்டி வைத்திருப்பேன். உன் அண்ணி சோறு வைப்பாள், பேச மாட்டாள்.

வராவிட்டால் முறை போச்சு. கார்டு என் சட்டைப்பையில் இருக்கிறது. மூன்று வார்த்தைக்கு இடம் விட்டிருக்கிறேன்.

தண்டாயுதபாணி